ஜியோட்டோவை அடித்த ஒரு கிராம் தூசி: பூமியிலிருந்தே கணித்திருக்க முடியாதா?

#1 அரைகுறை

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் சந்தேகம் ஒன்று. 1986 மார்ச் 14 நள்ளிரவு ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் ஹாலி வால்மீனின் கருவை (நடுவில் இருக்கும் திடமான கட்டியை) 596 கி.மீ. தூரத்தில் கடந்தது. நெருங்கிய புள்ளிக்குச் சில நொடிகள் இருக்கும்போது ஏதோ அடித்து, கலம் தள்ளாடி, ஆன்டெனா பூமியை விட்டு விலகித் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. 32 நிமிடம் கழித்துத்தான் நிலைக்கு வந்தது. கேமரா அதற்கப்புறம் படமே தரவில்லை. அடித்தது சுமார் ஒரு கிராம் எடையுள்ள துகள் என்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். ஹாலியை அதற்கு முன்பே உலகம் முழுக்க அகச்சிவப்பில் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூசியின் அளவைக்கூட அகச்சிவப்பில் சொல்லிவிடலாம் என்று படித்தேன். அப்படியானால் இந்த ஆபத்து தெரிந்தே அனுப்பினார்களா, தெரியாமல் அனுப்பினார்களா?

#2 இரவுப்பறவை

தெரிந்தேதான். ஆனால் அகச்சிவப்பு சொன்னது வேறு தூசி, அடித்தது வேறு தூசி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் அகச்சிவப்பு. சாதாரண வெளிச்சத்தில் வால்மீனைப் பார்த்தால் தெரிவது தூசி திருப்பி அனுப்பும் சூரிய ஒளி. கொஞ்சம் வெள்ளைத் தூசி இருந்தாலும் நிறையக் கறுப்புத் தூசி இருந்தாலும் ஒரே பிரகாசம்தான் வரும், பிரித்துச் சொல்ல முடியாது. அகச்சிவப்பில் வருவது தூசி தானே சூடாகி விடும் வெப்பம். இரண்டையும் ஒரே சமயத்தில் அளந்தால் தூசி எவ்வளவு கறுப்பு, மொத்தப் பரப்பு எவ்வளவு என்று கணக்கு கைக்கு வந்துவிடும்.

அடுத்து வெப்பநிலை. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தில் (இதைத்தான் ஒரு வானியல் அலகு என்பார்கள்) ஒரு கரும்பொருள், அதாவது விழும் ஒளியை முழுதும் விழுங்கும் பொருள், 278 கெல்வினில் இருக்கும். ஜியோட்டோ சந்தித்தபோது ஹாலி சுமார் 0.9 வானியல் அலகில் இருந்தது, அதாவது கிட்டத்தட்ட 293 கெல்வின், நம் ஊர் மார்கழி விடியற்காலை மாதிரி. ஆனால் அளந்தால் தூசி அதைவிடச் சூடாகத் தெரியும். ஒரு மைக்ரானோ (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கும் குறைவோ உள்ள துகளுக்கு 10 மைக்ரான் அலை என்பது தன்னைவிடப் பெரிய அலை, அதை வெளியே விட அதற்குச் சாமர்த்தியம் போதாது. வெயிலை வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்கத் திணறும், அதனால் சூடேறிவிடும். எதிர்பார்த்ததைவிடச் சூடு என்றாலே பொடித்தூசி நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, 10 மைக்ரான் மேடு: அந்த அலைநீளத்தில் மட்டும் தூசியின் வெளிச்சம் தூக்கலாக வரும். சிலிக்கேட் கனிமத்தில் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பு அதிரும் இடம் அது. 1970-இல் பென்னட் வால்மீனில் முதலில் பிடித்தார்கள், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக எட்வர்ட் நே குழு. இதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு இருக்கிறது. மின்வாரியப் பராமரிப்பில் வைத்திருப்பார்களே அந்த வெப்பக் கேமரா, அதை யாராவது கொடுத்தால் ஒரு கறுப்புக் குப்பைப் பையை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பை மறைந்து முகம் தெரியும். அதே கேமராவை ஜன்னல் கண்ணாடி வழியாகக் காட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணாடி என்பது சிலிக்கேட். அந்த அலைநீளத்தை அது விழுங்குகிறது. எதை நன்றாக விழுங்குமோ அதையே நன்றாக உமிழும், வால்மீன் தூசியில் நாம் பார்க்கும் மேடு அதுதான்.

இந்த மேடு தெரிய வேண்டுமானால் துகள் சில மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். பெரிய துகளில் மேடு மழுங்கி, வெறும் கரும்பொருள் போலத் தட்டையாகிவிடும். ஆக, மேடு இருந்தால் பொடி இருக்கிறது என்று அர்த்தம். மேடு இல்லையென்றால் பொடி இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பெருங்கல் எத்தனை என்று அது வாய் திறக்காது.

#3 அரைகுறை

குப்பைப் பை விஷயம் அருமை. ஆனால் பொடி இவ்வளவு என்று தெரிந்தால் பெரியது இவ்வளவு என்று விகிதம் போட்டுச் சொல்ல முடியாதா? ஆற்றுமணலில் சல்லடை போடுவது மாதிரி.

#4 லேத்பட்டறை

தம்பி, அங்கேதான் சிக்கல். பரப்பும் எடையும் ஒரே பக்கம் போகாது. ஒரு கிராம் துகள் என்றால் ஒரு சென்டிமீட்டர், சுண்டைக்காய் அளவு என்று வையுங்கள். அதை ஒரு மைக்ரான் பொடியாக அரைத்தால் எடை அதே ஒரு கிராம், மேற்பரப்பு 10,000 மடங்கு. தொலைநோக்கிக்குத் தெரிவது பரப்பு. வானத்தில் பத்து கிலோ சுண்டைக்காய் மிதந்தாலும் ஒரே ஒரு கிராம் பொடி அதே வெளிச்சம் போட்டுவிடும்.

அடி வாங்குபவனுக்குக் கணக்கு வேறு. ஜியோட்டோவின் வேகம் நொடிக்கு 68.4 கி.மீ. ஒரு கிராம் அந்த வேகத்தில் வந்தால் சுமார் 23 லட்சம் ஜூல். 10 டன் பஸ் மணிக்கு 77 கி.மீ. வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் அது. உந்தத்தைப் பார்த்தால் அவ்வளவு பயங்கரம் இல்லை: 70 கிலோ ஆள் சாதாரணமாக நடந்து வந்து மோதுவதற்குச் சமம். ஆனால் ஆவியாகித் தெறிக்கும்போது அந்த உதை இன்னும் கூடும், அடியும் ஓரத்தில் விழுந்தால் போதும். ஜியோட்டோ பம்பரம் மாதிரி நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றிக்கொண்டிருந்த கலம். சுற்றும் பம்பரத்தின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், தலையாட்ட ஆரம்பித்துவிடும். உள்ளே இருந்த தணிப்பான்கள் அந்தத் தலையாட்டத்தைக் குறைக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்த 32 நிமிடம்.

கவசம் எனக்குப் பிடித்த சமாச்சாரம். முன்னால் ஒரு மி.மீ. அலுமினியத் தகடு, அவ்வளவுதான். என் பட்டறையில் அதைக் கத்தரியால் வெட்டுவோம். அதற்குப் பின்னால் கால் மீட்டர் வெற்றிடம், அப்புறம் 12 மி.மீ. கெவ்லார், குண்டு துளைக்காத சட்டைக்குப் போடும் இழை. முன்தகடு தூசியை நிறுத்துவதற்கு இல்லை, தூசியை உடைத்து ஆவியாக்குவதற்கு. ஆவி இடைவெளியில் விரிந்து, பின்தகட்டில் ஊசியாகக் குத்தாமல் உள்ளங்கையாக அறையும். பிரெட் விப்பிள் 1940-களிலேயே சொன்ன யோசனை. வால்மீன் என்பது அழுக்குப் பனிக்கட்டி என்று சொன்னவரும் இவரேதான். ஒரே தகடாகக் கனமாகப் போட்டிருந்தால் எடை தாங்கி மேலே போயிருக்கவே முடியாது.

#5 வடக்குவாசல்

கவசத்தின் தடிமனை முடிவு செய்ய யாராவது ஒரு எண் கொடுத்திருக்க வேண்டுமே. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த இழையின் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் நீல் டிவைன் 1980-களின் ஆரம்பத்தில் ஹாலியின் தூசிச் சூழலுக்கு ஒரு கணித மாதிரி போட்டார். எந்த எடைத் துகள் எந்தத் தூரத்தில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை அடிக்கும் என்று சொல்லும் மாதிரி. ஹாலியே அப்போது வெகு தூரத்தில், 1982 அக்டோபரில்தான் அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் மறுபடி கண்ணில் பட்டது, வெறும் புள்ளியாக. ஆகவே மாதிரிக்குள் போனது முந்தைய வருகைகளின் பிரகாசப் பதிவும், மற்ற வால்மீன்களில் அளந்த தூசிக் குணங்களும்தான். பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து இந்த வீட்டுப் பையனுக்குச் சட்டை தைத்த கதை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி இருந்திருக்காது.

#6 சும்மாவந்தேன்

அப்போ இத்தனை அகச்சிவப்புத் தொலைநோக்கியும் தண்டம்தானே? பொடியை எண்ணி என்ன பிரயோஜனம், கொல்வது கல் என்றால்?

#7 இரவுப்பறவை

தண்டம் இல்லை சார். பெரிய துகளைப் பார்க்கவும் அகச்சிவப்பில் வழி இருக்கிறது, கோமாவில் (கருவைச் சுற்றியுள்ள தூசி-வாயு மூட்டத்தில்) மட்டும் பார்க்கக் கூடாது. தூசி தானாகவே சல்லடை ஆகிப் பிரிந்துகொள்ளும் இடங்களில் பார்க்க வேண்டும்.

சூரிய ஒளிக்கு அழுத்தம் உண்டு. பொடியை அது வேகமாகத் தள்ளி வாலாக்கிவிடும். பெரிய துகளை அசைக்க முடியாது, அது வால்மீனின் பாதையிலேயே கருவுக்குப் பின்னாலும் கொஞ்சம் முன்னாலும் தங்கிவிடும். 1973 கடைசியில் வந்த கோஹூடெக் வால்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் பக்கம் ஈட்டி மாதிரி ஒரு எதிர்வால் தெரிந்தது. நே அதைத் தனியாக அளந்தார். தலையிலும் வாலிலும் 10 மைக்ரான் மேடு இருந்தது, எதிர்வாலில் இல்லை. அங்கே இருந்தது பெரிய துகள் மட்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஒரே வால்மீன், ஒரே வாரம், இரண்டு இடத்தில் இரண்டு தூசி. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த அளவீடு இதுதான்.

(கோஹூடெக் சூரியனுக்கு மிக அருகில் இருந்தபோது பட்டப்பகலில் அளந்தார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. 10 மைக்ரானில் பகலும் இரவும் பெரிதாக வித்தியாசம் இல்லை. வானமும் தொலைநோக்கியும் கண்ணாடியைத் தாங்கும் இரும்பும் எல்லாமே சுமார் 290 கெல்வினில் அதே அலையில் ஜொலித்துக்கொண்டிருக்கும். எரிகிற அடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு தூரத்து மெழுகுவத்தியை அளக்கிற வேலை. அதனால் துணைக் கண்ணாடியை நொடிக்குப் பல முறை ஆட்டி, வால்மீன் உள்ள இடம், பக்கத்து வெற்று வானம் என்று மாறி மாறிப் பார்த்துக் கழிப்பார்கள்.)

அடுத்தது 1983, ஐராஸ் செயற்கைக்கோள். விண்ணிலிருந்து 12, 25, 60, 100 மைக்ரானில் வானம் முழுக்க வருடியது. அந்தப் படங்களில் மார்க் சைக்ஸும் கூட்டாளிகளும் மெல்லிய கோடுகளைக் கண்டார்கள். டெம்பெல் 2 முதலான குறுங்கால வால்மீன்களின் பாதை நெடுக நீண்டு கிடந்த தூசித் தடங்கள். மில்லிமீட்டர், சென்டிமீட்டர் துகள்கள். சாதாரண ஒளியில் யாரும் பார்க்காத சமாச்சாரம். ஒரு வால்மீன் எறியும் எடையில் பெரும்பங்கு பெரிய துகளாகத்தான் போகிறது என்று அதிலிருந்து கணக்கு வந்தது. ஜியோட்டோவின் தூசி உணரிகளும் 1986-இல் அதையே சொன்னன: பெரிய துகள் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

#8 லேத்பட்டறை

அதாவது 83-இல் கையில் இருந்த எச்சரிக்கை 85 ஜூலையில் கிளம்பிய கலத்துக்கு உதவவில்லை?

#9 வடக்குவாசல்

தடம் பற்றிய புரிதல் 86-ஐ ஒட்டித்தான் அச்சுக்கு வந்தது, அண்ணே. அதற்குள் கவசம் பூட்டி ஆகிவிட்டது. அதோடு ஐராஸ் பார்த்தவை குறுங்கால வால்மீன்கள், ஹாலி 76 ஆண்டுக்காரன்.

கவசம் மாறாது என்றால் மாற்றக்கூடியது தூரம் ஒன்றுதான். இங்கேதான் திட்டமிடலின் நிஜக் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, அதற்கும் தூசிதான் காரணம். பூமியிலிருந்து பார்த்தால் தெரிவது கரு இல்லை, கருவைச் சுற்றிய பளபளப்பு. கரு அதற்குள் எங்கே என்று நூற்றுக்கணக்கான கி.மீ. சந்தேகம். 500 கி.மீ. தூரத்தில் போக ஆசைப்படுகிறவனுக்கு அந்தச் சந்தேகம் போதும், நேராகக் கருவிலேயே முட்ட.

சோவியத்தின் வேகா 1 மார்ச் 6 அன்று சுமார் 8,900 கி.மீ. தூரத்திலும், வேகா 2 மார்ச் 9 அன்று சுமார் 8,000 கி.மீ. தூரத்திலும் கடந்தன. அவற்றின் கேமராக்கள் கரு எந்தத் திசையில் என்று சொன்னன. ஆனால் வேகா கலமே துல்லியமாக எங்கே இருந்தது? அதை நாசாவின் ஆழ்வெளி ஆன்டெனாக்கள் அளந்து கொடுத்தன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்க ஆன்டெனா சோவியத் கலத்தைப் பின்தொடர்ந்து ஐரோப்பியக் கலத்துக்கு வழி சொல்லியிருக்கிறது. சந்தேகம் சுமார் 40 கி.மீ.க்குச் சுருங்கியது. வேகா 2 கடந்து ஐந்து நாளுக்குள் இதெல்லாம் முடிந்தது. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒரு கோப்பு வர இதைவிட நாள் எடுக்கும்.

#10 அரைகுறை

வேகாவுக்கு அடி விழவில்லையா?

#11 வடக்குவாசல்

விழாமல் என்ன. நொடிக்கு 77–79 கி.மீ. வேகம். சூரியத் தகடுகள் திறந்த மேனி, வேகா 2-இன் தகடுகள் 80 சதவீத மின்சாரத்தை இழந்தன. அந்தத் தேய்மானமும் ஜியோட்டோ ஆட்களுக்கு ஒரு சேதியாகத்தான் போயிருக்கும்.

#12 இரவுப்பறவை

வேகா 1-இல் ஐகேஎஸ் என்ற அகச்சிவப்பு நிறமாலைமானி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அது கருவின் பக்கத்தை 300 கெல்வினுக்கு மேல் என்று அளந்தது. பனிக்கட்டி நேரடியாக வெயிலில் இருந்தால் அந்தச் சூடு வராது, ஆவியாகிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஆக மேலே காய்ந்த கறுப்பு ஓடு, நூற்றுக்கு நாலு பங்கு ஒளியைத்தான் திருப்பித் தரும் ஓடு. 3.2 முதல் 3.6 மைக்ரானுக்குள் கரிமப் பொருளின் அடையாளமும் கிடைத்தது.

#13 தேனீர்வேளை

நம்ம மங்கள்யானை விட்டுவிட்டீர்களே. 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த கலம், ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 19-இல் சைடிங் ஸ்பிரிங் வால்மீன் செவ்வாயை 1,40,000 கி.மீ. பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. நொடிக்கு 56 கி.மீ. வேகம். அன்று இங்கே எல்லாரும் விரல் நகம் கடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

#14 இரவுப்பறவை

நல்ல உதாரணம், ஏனென்றால் இங்கே வால்மீனிடம் நாம் போகவில்லை, அது நம்மிடம் வந்தது. கவசம் கிடையாது, ஓடவும் எரிபொருள் இல்லை. ஆரம்பத்தில் போட்ட கணக்குகள் கொஞ்சம் பயமுறுத்தின. அப்புறம் ஹபிள், ஸ்விஃப்ட், அகச்சிவப்பில் நியோவைஸ் என்று பல விண்வெளித் தொலைநோக்கிகள் பார்த்து, தூசி எவ்வளவு வேகத்தில் கருவை விட்டுக் கிளம்புகிறது என்று கட்டுப்படுத்தியதும் ஆபத்து வெகுவாக இறங்கியது. பெரிய துகள் மெதுவாகத்தான் கிளம்பும். மெதுவாகக் கிளம்பியது 1,40,000 கி.மீ. பக்கவாட்டில் நகர்ந்து செவ்வாயைத் தொட வேண்டுமானால், வால்மீன் சூரியனிலிருந்து வெகு தூரத்தில் இருந்தபோதே புறப்பட்டிருக்க வேண்டும். அத்தனை தூரத்தில் அதிகம் எறியாது.

மிச்சம் இருந்த ஆபத்தும் ஒரு குறிப்பிட்ட வேளைக்குள் அடங்கியது: நெருங்கிய புள்ளிக்கு நூறு நிமிடம் கழித்துத்தான் தூசி உச்சம். இஸ்ரோவும் நாசாவும் தங்கள் கலங்களின் சுற்றை முன்கூட்டியே கொஞ்சம் நகர்த்தி, அந்த வேளையில் செவ்வாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்படி செய்தார்கள். கிரகமே கவசம். எல்லாம் பத்திரம். ஆனால் செவ்வாயைச் சுற்றிய நாசாவின் மேவன் கலம் அப்புறம் பார்த்தபோது செவ்வாயின் மேல்வளிமண்டலத்தில் மக்னீசியம், இரும்பு எல்லாம் கொட்டிக் கிடந்தது. ஒளிந்தது வீண் இல்லை.

நியோவைஸ் பற்றி ஒரு எச்சரிக்கை: அதன் 4.6 மைக்ரான் பட்டையில் தூசியோடு கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு வாயுக்களும் ஒளிரும். அப்படியே தூசி என்று எடுத்தால் கணக்கு வீங்கிவிடும்.

#15 சும்மாவந்தேன்

வேகம்தான் வில்லன் என்றால் ரோசெட்டா மாதிரி மெதுவாகப் போனால் தீர்ந்தது பிரச்சினை.

#16 லேத்பட்டறை

மெதுவாகப் போனவனுக்கு வேறு தலைவலி சார். 2015 மார்ச் 28-இல் ஐரோப்பாவின் ரோசெட்டா கலம், தான் கூடவே பயணித்த 67பி வால்மீனின் பரப்புக்கு மேலே 14 கி.மீ. வரை இறங்கியது. தூசி ஒன்றும் ஓட்டை போடவில்லை, ஆள் நடக்கிற ஓடுகிற வேகம்தான். ஆனால் ஒவ்வொரு துகளும் வெயிலில் நட்சத்திரம் மாதிரி மின்னியதில், நட்சத்திரம் பார்த்துத் திசை அறியும் கருவிகள் குழம்பிவிட்டன. கலம் பயந்து பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. கார்த்திகை அன்றைக்குத் தெருவிளக்கைத் தேடினது போலத்தான். அதற்கப்புறம் பல மாதம் தள்ளி நின்றுதான் பார்த்தார்கள்.

#17 வடக்குவாசல்

67பி-க்கும் முன்வேலை நடந்தது. அதன் தடத்தை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 24 மைக்ரானில் படமெடுத்தது, அதிலிருந்து பெரிய துகள் கணக்கு போட்டார்கள். இந்த வால்மீனே கடைசி நேர மாற்றம், முதலில் போக இருந்தது விர்டானன் என்ற இன்னொரு வால்மீனுக்கு. 2002 டிசம்பரில் ஏரியான் 5 ராக்கெட் ஒன்று தோற்றதால் ஏவுவது தள்ளிப்போய் இலக்கு மாறியது. அப்போதும் தூசி மாதிரியை முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.

இப்போது வருவதுதான் சுவாரசியம். ஐரோப்பாவின் காமெட் இன்டர்செப்டர் கலம், 2029-இல் ஏவத் திட்டம். இலக்கு எது என்றே தெரியாமல் போய் எல்2 புள்ளியில் (சூரியனுக்கு எதிர்ப்பக்கம், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தள்ளி) காத்திருக்கும். முதல் முறையாகச் சூரியன் பக்கம் வரும் வால்மீன் எதையாவது கண்டுபிடித்த பின் கிளம்பும். சந்திப்பு வேகம் நொடிக்கு 10 முதல் 70 கி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். தாய்க்கலம் சுமார் 1,000 கி.மீ. தள்ளிப் போகும், இரண்டு குட்டிக்கலங்களை இன்னும் உள்ளே அனுப்பும்.

#18 அரைகுறை

அப்படியானால் கவசத்தை எதற்கு என்று கட்டுவார்கள்? 86-இல் பக்கத்து வீட்டுப் பையனாவது இருந்தான்.

#19 இரவுப்பறவை

பொறியாளர்களுக்கு என்று ஒரு தூசி மாதிரி போட்டிருக்கிறார்கள், பல வகை வால்மீன்களுக்கும் சேர்த்து, மோசமானதையும் உள்ளடக்கி. ஆனால் இலக்கைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அகச்சிவப்பு மறுபடி மேடைக்கு வரும். அந்த நாளில் வால்மீன் இன்னும் தூரத்தில் இருக்கும். 5 வானியல் அலகில் தூசி சுமார் 124 கெல்வின், அதன் உச்சம் 23 மைக்ரான் பக்கம். அங்கே பூமியின் காற்று பாதி கதவை மூடிவிடும், தரையிலிருந்து பார்ப்பது பெரும்பாடு. வெப் விண்வெளித் தொலைநோக்கி 28 மைக்ரான் வரை பார்க்கும். அது இருப்பதும் அதே எல்2 பக்கம்தான்.

அப்போதும் அது காட்டுவது பெரும்பாலும் பொடியைத்தான். உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில்: ஜியோட்டோவை எத்தனை சுண்டைக்காய் அடிக்க வாய்ப்பு என்று தோராயமாகச் சொல்லலாம், எந்த நொடியில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஹாலியின் தூசி நாளுக்கு நாள் மாறியது, சூரியன் பட்ட பக்கத்திலிருந்து பீச்சிக்கொண்டு வந்தது. 596 கி.மீ.யில் போகிற கலத்துக்குச் சராசரி தெரிந்து என்ன, அந்தப் பீச்சலில் மாட்டினால் மாட்டியதுதான்.

#20 லேத்பட்டறை

ஒரு சேதி. மச்சான் மின்பலகை சோதனைக்குப் போகிறவர், இன்று அவருடைய வெப்பக் கேமராவைப் பட்டறைக்கு வாங்கி வந்தேன். குப்பைப் பை அப்படியே காணாமல் போகிறது, பையனுக்கு ஒரே சிரிப்பு. கண்ணாடி ஜன்னலில் காட்டினால் வெளியே நிற்கும் லாரி தெரியவில்லை, கேமரா பிடித்திருக்கும் என் உருவம்தான் மங்கலாகத் தெரிகிறது, மூக்கு மட்டும் கறுப்பாக. மூக்கு ஏன் குளிர்ச்சி என்று பையன் கேட்கிறான், அதற்குத் தனி இழை ஆரம்பிக்கட்டுமா?